பேனா காட்டாத தண்ணீர்

வாட்டர் ப்யூரிஃபையர் விற்க வீடு வீடாக வரும் இளைஞரின் பையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் அளவுக்கு ஒரு பேனா. இன்னொன்று, நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் தான் கொண்டுவந்த மிஷின் தண்ணீர். பேனாவை முதல் டம்ளரில் நனைத்தால் 780 என்று எண் ஓடும், இரண்டாவதில் 35. அத்தோடு விடமாட்டார். பெட்டியின் கம்பிகளை இரண்டு டம்ளரிலும் இறக்கி, பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுவார். ஒன்றிரண்டு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறி, மேலே அழுக்குத் திட்டுத் திட்டாக மிதக்கும். மிஷின் தண்ணீர் அப்படியே தெளிந்து நிற்கும். "இதைத்தாம்மா இத்தனை நாளா குடிச்சிட்டிருக்கீங்க" என்பார். மாதத் தவணைக்கான படிவம் அதற்குப் பிறகுதான் பையிலிருந்து வெளியே வரும்.

அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்ததே அல்ல, கம்பியிலிருந்து வந்தது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிக் கலக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் துருவும் இல்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பை அந்த மிஷின் தண்ணீரில் போட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்பப் போடச் சொன்னால் அதுவும் பழுப்பாகிவிடும்.

பேனாவில் மோசடி கிடையாது. அது சின்னதாக மின்சாரம் செலுத்தி, தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்று பார்க்கிறது. அதை ஒரு எண்ணால் பெருக்கி, இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்கிறது. டி.டி.எஸ். என்று இன்றைக்குத் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பேசப்படுவது இதைத்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்திருப்பது சுண்ணாம்பா, உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட்டா என்று பேனாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. காலராக் கிருமி இருந்தாலும் எண் கூடாது. பூச்சிமருந்தும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்குத்தான் தண்ணீர் பதில் சொல்லும். பேனா கேட்பதோ ஒரே ஒரு கேள்வி.

ஒரு வீட்டுச் சமையலறையில் நடக்கும் இந்தக் கூத்து, ஒரு நாட்டின் அளவில் நடந்தால் எப்படியிருக்கும்? வங்கதேசத்தில் நடந்தது.

*

1970-கள் வரை அந்நாட்டுக் கிராமங்களில் குடிதண்ணீர் என்றால் குளம், ஆறு, திறந்த கிணறு. அதே குளத்தில்தான் குளியல், துணி, மாடு கழுவுவது எல்லாம். மழைக்காலத்தில் கழிப்பிடங்களின் கழிவும் அதில்தான் வழிந்து சேரும். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. யுனிசெஃப் அமைப்பும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் கண்ட வழி எளியது: தரைக்கு மேலே கிடக்கும் தண்ணீரை விட்டுவிட்டு, கீழே இருப்பதை எடு. நாடு முழுக்க வண்டல் மண். நாலைந்து ஆள்கள் மூங்கில் சாரம் கட்டி, கையாலேயே குத்திக் குத்திக் குழாயை இறக்கிவிடுவார்கள். மேலே ஓர் அடிபம்பு. அரசும் உதவி அமைப்புகளும் போட்டவற்றைப் பார்த்து மக்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்டவை பின்னாளில் அதைவிடப் பல மடங்கு. 1990-களின் இறுதியில் கிராமத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அடிபம்புத் தண்ணீர்தான் குடித்தார்கள். பெண்கள் குடம் சுமக்கும் தூரம் குறைந்தது. பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றி என்று அதை மேடைகளில் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் அன்றைக்கு யாருக்கும் தப்பு தெரியவில்லை.

தண்ணீர் தெளிவு. கோடையிலும் சில்லென்று இருக்கும். கிருமி பெரும்பாலும் இல்லை. இரும்பு இருக்கிறதா, உப்புக் கரிக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நம் சித்த மருத்துவர்களும் பழைய துப்பறியும் நாவலாசிரியர்களும் பாஷாணம் என்று சொல்வார்களே, அதன் மூலப்பொருள். தண்ணீரில் அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.

முதல் துப்பு கிடைத்தது ஆய்வகத்தில் அல்ல, ஒரு தோல் மருத்துவரின் அறையில். 1983-இல் கொல்கத்தாவில் டாக்டர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து ஒரே மாதிரி நோயாளிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளியும் வெண்புள்ளியும். உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்து, முண்டு முண்டாகத் தடித்திருந்தன. பல ஆண்டு மெள்ள மெள்ள ஏறிய ஆர்சனிக்கின் கைவேலை அது என்று அவர் கண்டுகொண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி பிறகு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். எல்லைக்கு அப்பால் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணற்றில் ஆர்சனிக் இருப்பதை வங்கதேச அரசு உறுதிசெய்தது 1993-இல். எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே ஆறு கொண்டுவந்து கொட்டிய ஒரே வண்டல்தான். தகவல் கோட்டைத் தாண்ட மட்டும் பத்து ஆண்டு பிடித்தது.

நடுவில் ஒரு சந்தர்ப்பம் கைநழுவியது. 1992-இல் பிரிட்டனின் நிலவியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தில் சுமார் 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தது. பல தனிமங்களைத் தேடிய அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். தண்ணீர் குடிக்க உகந்தது என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை, கிராமவாசிகளுக்கு அந்த நிறுவனம் கடமைப்பட்டதும் அல்ல என்று 2006-இல், அன்று பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் சாதாரண மனிதர், அதில் என்ன இருக்கிறது என்று படிப்பாரே தவிர, என்ன விடுபட்டிருக்கிறது என்று எப்படிப் படிப்பார்?

இதில் தொழிற்சாலை இல்லை, கழிவு கொட்டிய முதலாளி இல்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த மணலில் ஒவ்வொரு துகள் மேலும் இரும்புத் துருப் படலம் ஒட்டியிருக்கிறது. அந்தத் துருவோடு ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. மண்ணுக்கடியில் புதையுண்ட தாவர மிச்சங்கள் மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நுண்ணுயிர்கள் அப்போது துருவைப் பிடித்துக்கொள்கின்றன. துரு கரைகிறது, ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேதான் கிடந்தது. குழாய் போட்டு மேலே கொண்டுவந்ததுதான் புதிது.

1998 முதல் 2000 வரை, அதே பிரிட்டிஷ் நிறுவனமும் வங்கதேச அரசும் சேர்ந்து, 64 மாவட்டங்களில் 61-இல் 3,534 கிணறுகளைச் சோதித்தன. 150 மீட்டருக்கும் ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 மைக்ரோகிராம். நம் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய அரை அரிசி எடைக்கு ஆர்சனிக் கலந்தால் வருகிற அளவு அது. அந்த அளவுகோலால் அளந்தால் 46 சதவீதக் கிணறுகள் தேறவில்லை. ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்துக்கே நஞ்சு ஏறிய நிகழ்வுகளில் வரலாற்றிலேயே பெரியது இதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-ஆம் ஆண்டு வெளியான கட்டுரை மதிப்பிட்டது. ஆர்சனிக் தோலோடு நிற்பதில்லை. நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயாகவும், இதயநோயாகவும் இருபது முப்பது ஆண்டு கழித்து வந்து நிற்கும்.

பிறகு நடந்தது, தண்ணீர்ச் சோதனையின் வரலாற்றில் தனி அத்தியாயம். வேலையாள்கள் கையடக்கக் கிட்டோடு ஊர் ஊராக இறங்கினார்கள். ஒரு சின்னப் பாட்டிலில் பம்புத் தண்ணீர். அதில் அமிலமும் துத்தநாகப் பொடியும் போட்டால் நுரைக்கும். ஆர்சனிக் இருந்தால் வாயுவாக மேலே எழும். மூடியில் செருகிய காகிதத் துண்டில் அது பட்டதும் வெள்ளை மஞ்சளாகும்; நிறைய இருந்தால் பழுப்பாகும். அட்டையில் அச்சிட்ட நிறவரிசையோடு காகிதத்தை ஒட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வார்கள். அந்தியில், அரையிருட்டில் பார்த்தால் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் தடுமாறும் சோதனைதான். ஆனாலும் 2000-க்கும் 2003-க்கும் இடையில் ஏறக்குறைய 50 லட்சம் பம்புகளை இப்படிச் சோதித்து, பம்பின் மூக்கில் பெயின்ட் அடித்தார்கள். நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. சிவப்பு வாங்கியவை 14 லட்சத்துக்கு மேல்.

அதில் தெரிந்த விசித்திரம், ஒரே முற்றத்தில் ஒரு பம்பு சிவப்பு, இருபதடி தள்ளி அண்ணன் வீட்டுப் பம்பு பச்சை. மண்ணின் அடுக்கு அவ்வளவு பொடிப்பொடியாக மாறுகிறது. வரைபடத்தில் மாவட்டத்துக்கு ஒரு நிறம் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பயன் இருந்திருக்காது. டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹசார் வட்டாரத்தில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, தங்கள் பம்பு கெட்டது என்று தெரிந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வேறு பம்புக்கு மாறியிருந்தார்கள். சுத்திகரிப்பு மிஷின் தரவில்லை, மானியம் தரவில்லை. ஒரு தகவல், ஒரு பெயின்ட் டப்பா. அவ்வளவுதான் செலவு.

பெயின்ட் உரிந்துபோனது. அதன்பின் மக்கள் சொந்தக் காசில் புதிதாகப் போட்ட பம்புகள் லட்சக்கணக்கில். அவற்றில் பலவற்றுக்குச் சோதனையும் இல்லை, நிறமும் இல்லை. சோதிக்காத பம்பைப் பார்த்தால் பச்சைப் பம்பைப் போலத்தான் இருக்கும்.

*

சரி, எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. தண்ணீரில் இருக்கக்கூடிய பொருள்கள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, தனிச் செலவு. அதனால் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆறு, ஏரிகளில் எல்லா நாடுகளும் குறைந்தபட்சம் பார்க்க வேண்டியவை என்று ஒரு சிறிய பட்டியல் வைத்திருக்கிறது: கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துத் திறன், அமில-காரத் தன்மை, நைட்ரஜன், பாஸ்பரஸ். இரண்டாவதாக இருப்பது நம் விற்பனை இளைஞரின் பேனாதான். உப்பளவைப் பொறுத்தவரை அது நல்ல காவல்காரன். நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்பேறிய திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கும் தொட்டியாகிப்போனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று அணைக்குக் கீழே இருந்தவர்களே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லும் வரை போனது கதை.

எதைச் சோதிப்பது என்பது ஒரு கேள்வி. எப்போது, எப்படி என்பது இன்னொன்று. ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். 1888-இல் ஹங்கேரிய வேதியியலாளர் லயோஷ் விங்க்லர் தந்த முறையை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூடியிட வேண்டும். ஒரு காற்றுக் குமிழ் நுழைந்தாலும் கணக்குத் தப்பு. கரையிலேயே இரண்டு மருந்து விட்டால், ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பு நிறத்தில் திப்பி இறங்கும். செத்த ஆறு என்றால் திப்பி வெள்ளையாகவே நிற்கும். ஆய்வகத்தில் அமிலம் விட்டால் பழுப்பு பொன்மஞ்சளாகும், கஞ்சி சேர்த்தால் கருநீலமாகும், பிறகு சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்து விட விட நீலம் சட்டென்று மறையும். எத்தனை சொட்டில் மறைந்தது என்பதுதான் விடை.

அழகான வேதியியல்தான். ஆனால் பாட்டிலை எத்தனை மணிக்கு நிரப்பினார்கள்? பாசி மண்டிய ஏரியில் பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மீன் திணறுவது விடியலுக்குச் சற்று முன். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்குவது காலைச் சிற்றுண்டிக்குப் பின். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த தண்ணீரில் அந்த ஏரி தேறிவிடும். மறுநாள் காலையில் மீன் மிதந்தால், சோதனை அறிக்கைப்படி அது மிதந்திருக்கவே கூடாது.

கிருமிச் சோதனையில் கஷ்டம் வேறு. எடுத்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அங்கே கிருமி வளர இன்னொரு நாள். சாலையும் மின்சாரமும் சரியில்லாத ஊரில் இது நடக்கிற காரியமில்லை. இந்த இடத்தில் உலகுக்குக் கைகொடுத்தது குவாலியரில் உள்ள இந்திய ராணுவ ஆய்வகம். அங்கிருந்த மான்ஜா, மௌரியா, ராவ் மூவரும் 1982-இல் ஒரு பாட்டில் சோதனையை வெளியிட்டார்கள். மருந்து ஊறவைத்து உலர்த்திய காகிதம் உள்ளே இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். மலக்கழிவு கலந்திருந்தால், அதோடு வரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு விடும். தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகும். சூட்டுப் பெட்டி வேண்டாம், நம் ஊர் வெக்கையே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விடை புரியும்.

*

கருவிகள் இல்லாத ஏழை நாடுகளின் பிரச்சினை இது என்று நினைத்துவிடக் கூடாது. 2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் ஓடர் ஆற்றில் மீன்கள் சாகத் தொடங்கின. ஜூலைக் கடைசியிலேயே போலந்துப் பக்கம் தூண்டில்காரர்கள் செத்த மீன்களை வாளி வாளியாக அள்ளினார்கள். ஜெர்மனிக்கு முறைப்படி தகவல் போகவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் முடியும்போது, ஜெர்மன் கரையில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தானியங்கி நிலையத்தில் எண்கள் எகிறின: மின்கடத்துத் திறன், அமில-காரத் தன்மை, பச்சையம், கூடவே ஆக்சிஜனும். வழக்கமாக மீன் செத்தால் ஆக்சிஜன் குறைந்திருக்கும், இங்கே கூடியிருந்தது. கருவி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதன் பாஷையைப் படித்து உடனே ஊரை எழுப்ப ஆளில்லை.

பாதரசம் என்று வதந்தி கிளம்பியது. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் பத்து லட்சம் ஸ்வாட்டி என்று போலந்து அரசு பரிசு அறிவித்தது. நீர்வளத் துறைத் தலைவர் பதவி இழந்தார். கடைசியில் அகப்பட்டது ஒரு பாசி. பொன்னிறப் பாசி என்று பெயர். கடலோர உவர்நீரில் வளர்வது, மீன் செவுளைச் சிதைக்கும் நஞ்சை விடுவது. நன்னீர் ஆற்றில் அதற்கு என்ன வேலை? சுரங்கங்களும் ஆலைகளும் ஆற்றில் விட்ட உப்புத் தண்ணீர், வெயிலில் ஆறு வற்றியபோது அடர்ந்து, ஓடரையே உவர்நீராக்கிவிட்டிருந்தது. பாசி ஒளிச்சேர்க்கை செய்ததால்தான் ஆக்சிஜன் கூடியது. சுமார் 360 டன் மீன் செத்தது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையம் போட்ட கணக்கு.

இதே ஐரோப்பாவில் ரைன் ஆறு வேறு கதை சொல்கிறது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. அந்த அவமானத்துக்குப் பிறகு ஆற்றங்கரை நாடுகள் ஒரு அபாய அறிவிப்பு முறையை உருப்படியாக்கின. பாசலுக்குச் சற்றுக் கீழே வைல் அம் ரைனில் 1993-இல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு நிலையம் திறந்தன. அங்கே தினமும் தண்ணீர் எடுத்து, தெரிந்த ரசாயனங்களை மட்டுமல்லாமல் பெயர் தெரியாதவற்றையும் தேடுகிறார்கள். புதிதாக ஏதாவது தலைகாட்டினால் கீழே நெதர்லாந்து வரை தகவல் போகிறது. குடிநீர் நிறுவனங்கள் ஆற்றிலிருந்து இறைப்பதை நிறுத்திவைத்துக்கொள்ளலாம். ரைனிலும் கருவிகள் இருக்கின்றன, ஓடரிலும் இருந்தன. வித்தியாசம், எண் தப்பாக வந்ததும் போட வேண்டிய போனை ஓர் ஆற்றங்கரையில் உடனே போடுவதில் இருக்கிறது.

*

உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் முயற்சி 1978-இல் தொடங்கியது. ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஜெம்ஸ் வாட்டர் என்ற திட்டத்தை ஆரம்பித்தன. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளில் முறையாகத் தண்ணீர் எடுக்கத் தொடங்கியதும் இந்தத் திட்டத்தின் கீழ்தான். நாடுகள் அனுப்பும் எண்கள் இன்று ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. பயிற்சி கொடுப்பது அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி.

அந்தத் தரவுத்தளத்தை நாடுவாரியாகப் பிரித்தால் வயிற்றைக் கலக்கும். ஐ.நா.வின் 2021 நீர்த்தர அறிக்கைக்கு 89 நாடுகள் 76,000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகளின் கணக்கைக் கொடுத்தன. 60 சதவீதம் நல்ல நிலை. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் கணக்குக் கொடுத்தவற்றில் மிக ஏழையான 20 நாடுகள் சேர்ந்து கொடுத்தது ஆயிரத்துச் சொச்சம்தான்; முக்கால் பங்கு இரண்டு டஜன் பணக்கார நாடுகளுடையது. உலகின் ஏழைப் பாதியிலிருந்து வரும் தரவு மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று 2024 அறிக்கை சொன்னது. ஏரிகளைப் பற்றி ஏறக்குறைய இரண்டரை லட்சம் அளவீடுகள் இருந்தால், அதில் அந்தப் பாதியின் பங்கு 4,500. ஆகவே அந்த 60 சதவீதம் என்பது உலகத் தண்ணீரின் நிலை அல்ல. சோதிக்க வசதியுள்ளவர்களின் தண்ணீர் நிலை. உலக வங்கி 2019-இல் தண்ணீர் மாசு பற்றி வெளியிட்ட பெரிய அறிக்கைக்கு 'குவாலிட்டி அன்நோன்', அதாவது 'தரம் தெரியவில்லை' என்றுதான் பெயர் வைத்தது.

ஆய்வகம் கட்டிக் கருவி வாங்கி ஆள் போட்டு முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். அதற்குள் குறுக்குவழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். வானத்திலிருந்து பார்ப்பது ஒன்று. 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். ஏரி ஏரியில் (ஆமாம், அந்த ஏரியின் பெயரே ஏரிதான்) பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் நுழைந்திருந்தது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றும், நஞ்சு வற்றாது. இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தில் பாசியின் நிறத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அங்கே முன்கூட்டியே சொல்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோளுக்கு நிறம்தான் தெரியும். ஆர்சனிக்கும் மலக்கிருமியும் அங்கிருந்து தெரியாது. ஓடையும் நிலத்தடி நீரும் தெரியவே தெரியாது.

இன்னொன்று, தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ். அதற்கு வேண்டியது ஒரு வலை, வெள்ளைத் தட்டு, முட்டிவரை பூட்ஸ். பள்ளிப் பிள்ளைகள் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, காலால் மண்ணைக் கிளறி, வலையில் விழும் பூச்சிகளைத் தட்டில் கொட்டுவார்கள். மொத்தம் பதின்மூன்று கூட்டம், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கல்லிடுக்கில் வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி கிடைத்தால் 17. அது சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் மட்டும்தான் இருக்கும். தும்பியின் குஞ்சுக்கும் நண்டுக்கும் ஆறு ஆறு. ஊசித்தட்டானுக்கும் நத்தைக்கும் நாலு. அட்டைக்கும் புழுவுக்கும் இரண்டு. அவை எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும். கூட்டி, கிடைத்த கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓடையின் உடல்நிலை.

விளையாட்டு போலத் தோன்றினாலும் இதில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டிலில் அடைத்த தண்ணீர் அந்த நிமிடத்தின் சாட்சி. நேற்றிரவு யாரோ டேங்கர் லாரியைத் திறந்துவிட்டுப் போயிருந்தால், காலையில் எடுத்த பாட்டிலுக்குத் தெரியாது. பூச்சி மாதக்கணக்காக அங்கேயே குடியிருக்கிறது. திறந்துவிட்ட இரவிலும் அங்கேதான் இருந்தது. காலையில் அது இல்லை என்றால், இல்லாததே தகவல்.

தமிழ்நாட்டில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி: குளோரின், கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, ஃபுளோரைடு என்று ஒவ்வொன்றுக்கும் சொட்டு மருந்தும் நிற அட்டையும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடுதான் முதலில் பார்க்க வேண்டியது. பல்லில் காவிக்கறையாகத் தொடங்கி எலும்பை வளைக்கும் அந்த வியாதிக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக இருக்கும் தண்ணீர் மஞ்சள் பக்கம் சாய்ந்தால் ஃபுளோரைடு கூடுதல். டி.டி.எஸ். பேனா இந்த இடத்தில் வாயே திறக்காது. பெட்டியில் தெரிந்தது சந்தேகமாக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பலாம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். போகிறவர்கள் எதைச் சோதிக்க வேண்டும் என்று சேர்த்தே கேட்பது நல்லது.

பெட்டியோடு அந்தக் குவாலியர் பாட்டிலும் வரும். சாயங்காலம் தெருக்குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலில் கோடு வரை பிடித்து, மூடி, சமையலறை அலமாரியில் வைத்துவிட வேண்டும். மறுநாள், சில சமயம் அதற்கு மறுநாள் பார்க்க வேண்டும். நிறம் மாறாமல் இருந்தால் பதிவேட்டில் ஒரு வரி. கறுத்திருந்தால் ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்லி, மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போட ஆள் போக வேண்டும். அன்றைக்கே போகிறாரா என்பதைப் பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது.